அம்மாவின் வீட்டுச் சாமான்கள்: எதை விற்பது, எதைச் சும்மா கொடுப்பது?

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மா இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். அவர் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க இன்னும் 19 நாள்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது. அம்மாவின் சாமான்களில் அவர் படுக்கும் கட்டிலைத் தவிர வேறு எதற்கும் இங்கே இடமில்லை.

அங்கே இருப்பவை: ஒன்பது வருடம் ஓடிய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இரும்பு பீரோ, காலால் மிதிக்கும் தையல் மெஷின், இரண்டு மெத்தை, என் மகள் குழந்தையாக இருந்தபோது படுத்த மரத்தொட்டில் (ஒரு பக்கக் கம்பியைக் கீழே இறக்கலாம்), நான்கு பெட்டி புத்தகங்கள், ஓடாத டேபிள் ஃபேன், இரண்டு பழைய போன்கள், ஒரு லேப்டாப்.

பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் பீரோவை முதலில் போட்டேன். ஒரே ஒரு படம், "இலவசம், வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி. ஒரு மணி நேரத்தில் 40 மெசேஜுக்கு மேல். பாதிக்கு மேல் "இருக்கா?" என்ற ஒற்றைச் சொல். முதலில் கேட்டவருக்குத் தருவதுதான் நியாயம் என்று நினைத்து, மற்ற அத்தனை பேரிடமும் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை வருவதாகச் சொன்னவருக்காக ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை அந்தக் காலி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. இரண்டாவதாகச் சொன்னவரும் அப்படியே.

தையல் மெஷினுக்கு விலை போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒருவர் பேரமே பேசாமல் சரி என்றார். நேரில் பார்க்கவும் வேண்டாமாம். ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்க கணக்குக்கு வந்துடும்" என்றார். ஸ்கேன் செய்தேன். ரகசிய எண் கேட்டது. மூன்று இலக்கம் தட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற மகள் "அம்மா, பணம் வாங்கறதுக்கு எதுக்கு நம்பர் போடற?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினேன். அன்று முழுக்க கை நடுக்கம் போகவில்லை.

அந்த மெஷினில்தான் அம்மா எங்கள் மூன்று பேருக்கும் பள்ளி உடை தைத்தார். பிறகு அக்கம்பக்கத்துக்குத் தைத்து எங்களைப் படிக்க வைத்தார். "மெஷின் யாருக்குப் போச்சு?" என்று தினமும் கேட்கிறார். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எதை விற்கலாம், எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஏழாவது வீடு எழுதியது:

நாலாவது இலக்கத்தைப் போடாமல் நிறுத்தினீர்களே, அதுவே பெரிது. உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ரகசிய எண் பணத்தை அனுப்புவதற்கு மட்டும்தான். பணம் வாங்க எண்ணும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். இதே ஏமாற்று வேறு உருவத்திலும் வரும். "தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று பணம் அனுப்பியதுபோல ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். இன்னொருவர், "நீங்க நிஜ ஆளான்னு பாக்கணும், உங்க போனுக்கு வர்ற ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்க" என்பார். அது உங்கள் வாட்ஸாப்பையோ மின்னஞ்சலையோ அவர் கைக்குக் கொண்டுபோகிற எண். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு: பொருளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டார்கள். பழைய தையல் மெஷினை உண்மையில் வாங்குகிறவர் "ஓடுதா, பெல்ட் நல்லா இருக்கா" என்றாவது கேட்பார்.

பீரோ விஷயத்தில் உங்கள் மனசு நல்லது, முறைதான் சரியில்லை. முதலில் மெசேஜ் போட்டவர் போனைக் கையிலேயே வைத்திருப்பவர், அவ்வளவுதான். பொருள் அவருக்குத்தான் தேவை என்று அர்த்தமில்லை. 2013இல் அமெரிக்காவில் ஒரு தீவில் இரண்டு பெண்கள் ஆரம்பித்த, அக்கம்பக்கத்தார் பொருள்களைச் சும்மா கொடுத்து வாங்கும் 'பை நத்திங்' குழுக்களில், கேட்டவுடனே கொடுக்காமல் ஒன்றிரண்டு நாள் ஆறப்போடுவது ஒரு வழக்கம். நான் அதைப் படித்த பிறகுதான் என் வழியை மாற்றினேன். விளம்பரத்திலேயே மூன்று கேள்வி எழுதிவிடுவேன்: எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள், எந்த வண்டியில் ஏற்றுவீர்கள், தூக்க எத்தனை பேர். ஒரு நாள் கழித்து, மூன்றுக்கும் பதில் சொன்னவர்களை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஒருவரைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்தவரிடம் "நீங்கள் இரண்டாவது, அவர் வரவில்லையென்றால் அன்றைக்கே கூப்பிடுகிறேன்" என்று உண்மையைச் சொல்லிவைப்பேன். கொடுத்தாகிவிட்டது என்று ஒருபோதும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

போன முறை வீடு மாறும்போது படிப்பு மேசை ஒன்றைக் கொடுத்தேன். கேட்ட எத்தனையோ பேரில் ஒரு பெண் மட்டும், "ஜன்னலோரம் 110 செ.மீ. இடம் இருக்கிறது, உங்கள் மேசை 105 என்று போட்டிருக்கிறீர்கள், கால்களைக் கழற்ற முடியுமா? எங்கள் படி குறுகல்" என்று எழுதியிருந்தார். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கயிறும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அந்தப் பெண் மனசுக்குள் மேசையை ஏற்கெனவே வைத்துப் பார்த்துவிட்டார். அப்படிப்பட்டவர்தான் வருவார். அதனால் பீரோவின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து போடுங்கள். உங்கள் படிக்கட்டின் அகலத்தையும் போடுங்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்பதையும்.

குறையை முதல் வரியிலேயே எழுதுங்கள், முதல் படமாகவே போடுங்கள். துருப்பிடித்த மூலை, பிடி கழன்ற கதவு, திருகும்போது சிக்கும் பூட்டு எல்லாம். நல்ல பக்கத்தை மட்டும் எடுத்த படம் ஆட்களை வரவழைக்கும். வந்தவர் வாசலில் நின்று முகம் சுளிப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஓடாத டேபிள் ஃபேனைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், "ஓடாது, உதிரிக்கு" என்று தலைப்பிலேயே எழுதிப் போடுங்கள். 1995இல் ஈபே தளம் தொடங்கியபோது முதலில் விற்ற பொருள் உடைந்துபோன லேசர் பாயிண்டர் ஒன்று. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று கேட்டதற்கு, உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேர்க்கிறேன் என்றாராம் வாங்கியவர். மோட்டாருக்காகவோ இறக்கைக்காகவோ உங்கள் ஃபேனைத் தேடுகிறவர் எங்கோ இருக்கிறார்.

விலையைப் பற்றி ஒரே வார்த்தை. நம் பொருள் நமக்கு எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும். 1990இல் கானமன், நெட்ச், தேலர் மூவரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்து விற்கச் சொன்னார்கள், மீதிப் பேரை வாங்கச் சொன்னார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள், வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். கைக்கு வந்து சில நிமிடமே ஆன கோப்பைக்கே அப்படி. உங்கள் அம்மாவின் மெஷினுக்கு நீங்கள் போட்ட விலையை அதை நினைத்து இன்னொரு முறை பாருங்கள்.

கம்ப்ரசர் எழுதியது:

அக்கா, நான் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் சர்வீஸ் பண்றவன். ரெண்டே விஷயம் சொல்றேன்.

ஃபிரிட்ஜை எடுக்கறதுக்கு முந்தின நாளே ஆஃப் பண்ணி, கதவைத் திறந்து வச்சு, ஐஸ் முழுக்க உருக விடுங்க. அடியில துணி போடுங்க. வர்றவங்ககிட்ட நிக்க வச்சே கொண்டு போகச் சொல்லுங்க. படுக்க வச்சா கம்ப்ரசர்ல இருக்கற ஆயில் குழாய்க்குள்ள ஏறிடும். வேற வழி இல்லாம படுக்க வச்சுக் கொண்டுபோனா, இறக்கி நிக்க வச்சு, கொறஞ்சது ஒரு ராத்திரியாவது விட்டுட்டு அப்புறம் ஸ்விட்ச் போடச் சொல்லுங்க. இதை ஒரு பேப்பர்ல எழுதிக் கதவுலயே ஒட்டிடுங்க. நல்லா ஓடின ஃபிரிட்ஜை இறக்கின உடனே போட்டுட்டு, "கெட்டுப்போனதைக் குடுத்து ஏமாத்திட்டாங்க"ன்னு பேசறதை நான் எத்தனையோ வீட்டுல கேட்டிருக்கேன். பின்பக்க லேபிள்ல ஆர்600ஏன்னு இருந்தா அந்த கேஸ் தீப்பிடிக்கும். வீட்டுல வச்சு ஓட்ட பயமில்ல, ஆனா காயலானுக்குப் போட்டு யாரும் குழாயை நறுக்கக் கூடாது. யாரும் வாங்கலன்னா கதவோட வெளியில நிறுத்தாதீங்க, சின்னப் பசங்க ஒளிஞ்சு விளையாட உள்ள போயிடுவாங்க. கதவைக் கழட்டிடுங்க.

வாஷிங் மெஷின் முன்பக்கம் கதவு இருக்கறதா? அப்படின்னா புதுசா வந்தப்ப பின்னாடி நீளமா போல்ட் இருந்திருக்கும், டிரம் ஆடாம இருக்க. அதை அம்மா எங்கயாவது எடுத்து வச்சிருப்பாங்க, கேளுங்க. அது இல்லாம வண்டில போனா ஸ்ப்ரிங் போயிடும்.

வர்றவங்க முன்னாடி ரெண்டையும் ஓட்டிக் காட்டிட்டுக் கொடுங்க. அதனால கரண்ட் கனெக்‌ஷனைக் கடைசி நாள் வரைக்கும் வச்சுக்கோங்க.

வெண்ணிலவு எழுதியது:

தொட்டிலைப் பற்றி எழுதத்தான் உள்ளே வந்தேன். தயவுசெய்து அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பக்கக் கம்பி இறங்கும் தொட்டில்களை அமெரிக்காவில் 2011 ஜூன் முதல் தயாரிக்கவும் விற்கவும் தடை செய்துவிட்டார்கள். பழையதை மறுபடி விற்பதும் அந்தத் தடைக்குள் வரும். இறங்கும் பக்கத்தின் பிடிகள் தேய்ந்தோ ஒடிந்தோ ஒரு மூலை மட்டும் விலகும். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் பள்ளம் விழும். குழந்தை அதில் உருண்டு சிக்கிக்கொள்ளும். அப்படி 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். உங்கள் மகள் நன்றாகத்தான் தூங்கியிருப்பாள், அப்போது பிடிகள் புதிது. வருடக்கணக்கில் கழற்றி மாட்டி, ஓர் ஆணி தொலைந்து, வேறு ஆணி போட்டு முடுக்கிய தொட்டில் அதே தொட்டில் இல்லை. எந்தத் தொட்டிலாக இருந்தாலும் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, அதையும் அளந்து பாருங்கள்.

தெருவோரம் வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள், அதுவும் வேண்டாம். கழற்றி மரமாகப் போடுங்கள். குழந்தைகளுக்கான கார் சீட், ஹெல்மெட் இவையும் அப்படியே. ஒருமுறை அடிபட்டதா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

மெத்தைகளைக் கொடுக்கும் முன் ஓரத் தையல் நெடுக டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அது ரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீடு காலியாக இருந்ததே, செத்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

பேரேடு எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து. எதையுமே இலவசம் என்று போடாதீர்கள். இலவசம் என்றதும் முதலில் ஓடி வருகிறவர் வியாபாரி. உங்களிடம் சும்மா வாங்கி, துடைத்து, மறுநாளே அதே தளத்தில் விலை போடுவார். என் சித்தப்பா கொடுத்த சோபாவை அடுத்த வாரமே விற்பனைக்குப் பார்த்தோம், அவர் கையால் தைத்த அதே உறையோடு. பெயருக்காவது ஒரு விலை போடுங்கள். காசு கொடுத்தவர் வந்தே தீருவார், பொருளையும் மதிப்பார்.

ஏழாவது வீடு எழுதியது:

சித்தப்பாவுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. விலை போட்டால் சொன்ன நேரத்துக்கு ஆள் வருவார் என்பதும் சரிதான். ஆனால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கலாம். பீரோவை ஒருவர் தன் முதுகில் இறக்கி, துரு தேய்த்து, பெயின்ட் அடித்து விற்றால், அந்த உழைப்புக்குக் கூலி வாங்குகிறார். அது இன்னொரு வீட்டுக்குத்தான் போய்ச் சேருகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தே ஆக வேண்டிய பொருள் ஒரு வீட்டில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இவருக்கு அது தையல் மெஷின். அதைப் பொதுவில் இலவசம் என்று போடாதீர்கள், விலைக்கும் போடாதீர்கள். "தைக்கக் கற்றுக்கொள்கிறவருக்கு, தைத்துப் பிழைக்க நினைக்கிறவருக்குக் கொடுக்கிறேன், உங்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்" என்று கேளுங்கள். வரும் நாலு வரியிலேயே ஆள் தெரிந்துவிடுவார்.

நிறுத்தற்குறி எழுதியது:

போன்களையும் லேப்டாப்பையும் யாரும் சொல்லவில்லையே. போனில் முதலில் கூகுள் கணக்கிலிருந்தோ ஐக்ளவுடிலிருந்தோ வெளியேறுங்கள், அதன் பிறகுதான் ரீசெட். வரிசை மாறினால் வாங்கியவர் திறக்கும்போது அம்மாவின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். லேப்டாப்பில் ஃபைல்களை அழித்துக் குப்பைத்தொட்டியைக் காலி செய்தாலும் ஹார்ட் டிஸ்கில் எழுதியது அப்படியேதான் இருக்கும், மீட்டெடுக்க முடியும். சந்தேகமாக இருந்தால் டிஸ்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு, "டிஸ்க் இல்லாமல்" என்று எழுதிக் கொடுங்கள். எந்தப் போனாவது பேட்டரி வீங்கி முதுகு உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

இன்னொன்று. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கும். பெரிய தளங்கள் அதை நீக்கிவிடும், ஆனால் மூலப் படத்தை நேராக ஒருவருக்கு அனுப்பினால் காலி வீட்டின் இருப்பிடமும் கூடவே போகும். கேமராவில் இடப்பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். ஆட்கள் வரும்போது தனியாக இருக்காதீர்கள்.

மாடிப்படி எழுதியது:

16 நாள் கழித்து எழுதுகிறேன். ஒவ்வொருவர் சொன்னதையும் அச்சடித்துச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்துச் செய்தேன்.

ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஓட்டிக் காட்டித்தான் விற்றோம். கம்ப்ரசர் தம்பி, அந்த போல்ட்டுகள் நாலும் பீரோவின் மேல்தட்டில் ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள் இருந்தன. அம்மாவிடம் கேட்ட உடனே சொல்லிவிட்டார். தொட்டிலை என் கணவர் கழற்றினார். இறங்கும் பக்கத்தின் கீழ்ப் பிடியில் விரிசல் ஓடியிருந்தது. வெண்ணிலவு, அதைக் கையில் பிடித்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. மெத்தை ஒன்றில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. இரண்டையுமே யாருக்கும் கொடுக்கவில்லை. ஃபேனை ஒரு பள்ளி மாணவன் மோட்டாருக்காக வாங்கிக்கொண்டு போனான். புத்தகங்கள் இன்னும் இரண்டு பெட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்துத்தான் கொடுக்கிறேன், ஏனென்றால் ஒன்றுக்குள் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதம் இருந்தது.

தையல் மெஷினுக்கு நாலு வரி கேட்டேன். 11 பேர் எழுதினார்கள். ஒரு பெண் எழுதியிருந்தது: "தையல் வகுப்பு முடித்துவிட்டேன். வகுப்பு மெஷினில் மட்டும் தைத்திருக்கிறேன். வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும், அதனால் மிதி மெஷின்தான் வேண்டும்." வரச் சொன்னேன். அன்றைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் வந்ததும் நூல் கோக்கவில்லை. ஃபுட்டைத் தூக்கிவிட்டு, கைச்சக்கரத்தை மெதுவாகத் தன் பக்கமாகச் சுற்றிக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். பாபின் கேஸைக் கழற்றி, உள்ளே அடைந்திருந்த பஞ்சை ஒரு ஊசியால் சுருட்டி எடுத்தாள். பாபினில் அம்மா கடைசியாகத் தைத்த ஊதா நூல் பாதி மிச்சம் இருந்தது. பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து இரண்டாக மடித்துத் தைத்தாள், பிறகு நாலாக மடித்துத் தைத்தாள். தையலைத் திருப்பிக் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. மேல் நூலின் டென்ஷனை ஒரு சுற்று முடுக்கி மறுபடி தைத்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழுந்தது. அதுவரை நாற்காலியில் பேசாமல் இருந்த அம்மா எழுந்து பக்கத்தில் போனார். "பெல்ட் தளர்ந்தா புதுசு வாங்காத. கிளிப்பைக் கழட்டி, ஒரு விரக்கடை வெட்டிட்டு மறுபடி மாட்டு" என்றார். வலது பக்க டிராயரைத் திறந்து, எந்த ஊசி எந்தத் துணிக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். முக்கால் மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா காசு வாங்கவில்லை. ஊதா நூல் பாபினை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏழாவது வீடு அக்கா, பீரோவும் போய்விட்டது. மூன்று கேள்விக்கும் பதில் எழுதிய ஒரு பெரியவர் இரண்டு பேரனோடு சரியாகப் பத்து மணிக்கு வந்தார், அளவு நாடாவும் கொண்டுவந்திருந்தார். அவர் போன பிறகுதான் பார்த்தேன், பீரோவின் உள்லாக்கர் சாவி அம்மாவின் கொத்திலேயே தங்கிவிட்டது. நாளைக் காலை கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அவருக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன்.